நண்டு மட்டும் ஏன் திரும்பி வரவில்லை?



சுகாதாரம், சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று பல விடயங்களை இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறோம். இம்முறை நம்ம லயத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற ஓடையைப் பற்றிப் படிப்போம். “ஓடையில படிக்க என்ன இருக்கு?” என்று நினைக்க வேண்டாம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஓடையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. அந்த நேரம் எங்களுக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நடந்தது இதுதான்

சில வருடங்களுக்கு முன்னர் நாங்கள் கடமை பார்த்த ஒரு தோட்டத்தில், மேல் மலையில் பூச்சி மருந்து அடித்தார்கள். வேலை முடிந்த பிறகு மருந்து டாங்கிகளை ஊற்றுக்கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, ஓடையிலேயே கழுவினார்கள். மிச்சம் இருந்த மருந்தும் அதோடு போய்விட்டது. மறுநாள் விடியற்காலை பீலிக்கரைக்குப் போன ஒரு பாட்டி, கல் இடுக்கில் எல்லாம் நண்டுகள் மல்லாந்து செத்துக் கிடப்பதைக் கண்டார். கீழே தண்ணீர் தேங்குகிற இடத்தில் சின்ன மீன்களும் மிதந்தன. பாட்டி சத்தம் போட்டு, யாரையும் குடத்தில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. அன்றைக்கு அவர் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. பல நாட்கள் பவுசரில்தான் தண்ணீர் வந்தது.

மருந்தடித்த தம்பிமாரை எல்லோரும் ஏசினார்கள். அவர்களில் ஒருவர் எங்களிடம், “கழுவ வேற எடம் எங்க சேர் இருக்கு? டாங்கிய கழுவிக் குடுக்கணும்னு சொல்றாங்க. எங்க வச்சிக் கழுவுறதுன்னு ஒருத்தரும் சொல்லல” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

ஆறு மாதம் போனது. கல்லைப் புரட்டினால் பூச்சிகள் ஓடின. தும்பிகள் பறந்தன. தலைப்பிரட்டைகளும் வந்துவிட்டன. கீழ்ப்பக்கம் மீனும் தெரிந்தது. “ஓடை பழையபடி ஆயிருச்சு” என்று எல்லோரும் சொன்னார்கள். அப்போதுதான் ஏழாம் ஆண்டு படித்த ஒரு பிள்ளை கேட்டது: “சேர், மத்ததெல்லாம் வந்திருச்சு. நண்டு மட்டும் ஏன் இன்னும் வரல?”

இரண்டு கேள்விகள்

ஒரு லயத்தில் புதிதாக ஒரு குடும்பம் குடியேற வேண்டுமானால் இரண்டு காரியம் வேண்டும். இருப்பதற்குக் காம்பரா வேண்டும். அங்கே வந்து சேரப் பாதையும் வேண்டும். பாதை இருந்து காம்பரா இல்லாவிட்டால் வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டியதுதான். காம்பரா காலியாகக் கிடந்தும் பாதை இல்லாவிட்டால் அது காலியாகவே கிடக்கும்.

தண்ணீரில் வாழும் உயிர்களுக்கும் இதே கணக்குத்தான். ஓர் ஓடையில் ஓர் உயிர் ஏன் இருக்கிறது, அல்லது ஏன் இல்லை என்று தெரிய வேண்டுமானால் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஒன்று: இந்த இடம் அதற்கு ஒத்துப் போகுமா?

இரண்டு: இங்கே வந்து சேர அதற்கு வழி இருக்கிறதா?

முதல் கேள்வி: இடம்

ஒரே ஓடைதான். ஆனாலும் எல்லா இடத்திலும் ஒரே உயிர்கள் இருப்பதில்லை. பாறையில் அடித்துக்கொண்டு வேகமாக ஓடும் இடத்தில் ஒரு கல்லை எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டையான உடம்பும், பெரும்பாலும் மூன்று வால் மயிரும் கொண்ட சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சிறகு முளைத்த பிறகு இவை சில மணி நேரமோ சில நாட்களோதான் உயிரோடு இருக்கும். அதனால் இவற்றை ஒருநாட் பூச்சி என்பார்கள். உடம்பு தட்டையாக இருப்பதால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போவதில்லை. ஓடும் தண்ணீரில் காற்று நன்றாகக் கலந்திருப்பதால் மூச்சுக்கும் குறைவில்லை.

அதே கல்லில் மணலையும் சின்னக் கற்களையும் ஒட்டிக் குழாய் மாதிரிக் கட்டிய கூடுகளையும் காணலாம். அதற்குள்ளே ஒரு புழு இருக்கும். வாயிலிருந்து வரும் பட்டு நூலால்தான் அது கற்களை ஒட்டுகிறது. எந்தப் பாஸ்குட்டியும் இப்படிச் சுவர் கட்ட முடியாது!

இனி, லயத்துக் கானைப் பாருங்கள். சோற்றுத் தண்ணீரும் சவர்க்காரத் தண்ணீரும் தேங்கி, சேறு கறுத்துக் கிடக்கும். அங்கே ஒருநாட் பூச்சி இருக்காது. சேற்றைக் கிளறினால் சிவப்பு நிறப் புழுக்கள் நெளியும. நம்முடைய இரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு சிவப்புப் பொருள் அவற்றின் உடம்பிலும் இருக்கிறது. அது கொஞ்சக் காற்றையும் பிடித்து வைத்துக்கொள்வதால், மற்றவை மூச்சு முட்டிச் சாகிற இடத்திலும் அவை வாழ்கின்றன.

நுளம்பை எடுத்துக்கொள்வோம். நுளம்பு எங்கும் பறந்து போகும். வேகமான ஓடைக்கு மேலேயும் பறக்கும். ஆனால் அதன் குடம்பி தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து, வால் பக்கத்துக் குழாயால் மூச்சு விட வேண்டும். ஓடும் தண்ணீரில் அது முடியாது. ஆகவே வேகமான ஓடையில் நுளம்புக் குடம்பி இல்லை; வீட்டுப் பின்னால் போட்ட தகரப் பேணியிலும் பழைய டயரிலும் நிறைய இருக்கிறது. நுளம்புக்கு வழி எங்கும் உண்டு. இடம் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் நம்முடைய கையில் இருக்கிறது.

அணைக்கட்டுகளிலும் இதைத்தான் காண்கிறோம். தலவாக்கலையில் 2012ஆம் ஆண்டு மேல் கொத்மலைத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அங்கே ஓடுகிற ஆற்றின் ஒரு பகுதி, தேங்கி நிற்கும் தண்ணீராக மாறியது. எந்த ஆற்றில் அணை கட்டினாலும், கல்லில் ஒட்டி வாழ்பவற்றுக்கு இடம் குறைகிறது. குளத்தில் வாழ்பவற்றுக்கு இடம் கிடைக்கிறது. தண்ணீர் அதே தண்ணீர்தான், குடியிருப்பவர்கள்தான் மாறுகிறார்கள்.

இரண்டாவது கேள்வி: வழி

சிறகு உள்ளவற்றுக்கு வழி சுலபம். மழைக்காலம் முடிகிற நேரம் வெளிக்களத்தின் மேலே கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தும்பிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த இனத் தும்பி இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாகக் கடல் தாண்டி ஆபிரிக்கா வரை போகிறது என்று சார்ள்ஸ் அண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009ஆம் ஆண்டு எடுத்துக் காட்டினார். கடலையே தாண்டுகிற தும்பிக்குப் பக்கத்து மலை ஒரு தூரமா?

ஒருநாட் பூச்சிக்கு வேறு விதமான வழி. குடம்பியாக இருக்கும்போது இராத்திரி நேரத்தில் கல்லை விட்டுவிட்டுத் தண்ணீரோடு கீழ்நோக்கி மிதந்து போகும். இப்படியே போய்க்கொண்டிருந்தால் மேல் ஓடை வெறுமையாகிவிடும் அல்லவா? சுவீடன் நாட்டு ஓடைகளைப் பார்த்து 1954ஆம் ஆண்டு கார்ல் முல்லர் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். சிறகு முளைத்த பூச்சிகள் மேல்நோக்கிப் பறந்து போய் முட்டை இடுகின்றன. பிள்ளைகள் மிதந்து இறங்குகின்றன, தாய்மார் பறந்து ஏறுகிறார்கள் என்றார் அவர்.

சிறகு இல்லாத நத்தைக்கு என்ன வழி? இங்கிலாந்தின் சார்ள்ஸ் டார்வின் இதைச் சோதித்துப் பார்த்தார். நத்தை முட்டைகள் பொரிக்கிற ஒரு தண்ணீர்த் தொட்டியில் ஒரு தாராவின் பாதங்களைத் தொங்கவிட்டார். பொரித்த சின்ன நத்தைகள் அதில் ஏறி உறுதியாக ஒட்டிக்கொண்டன. தண்ணீரை விட்டு வெளியே எடுத்த பிறகும், ஈரக் காற்றில் 12 முதல் 20 மணி நேரம் வரை உயிரோடு இருந்தன. அதற்குள் ஒரு பறவை எவ்வளவு தூரம் பறந்துவிடும்! இதை அவர் 1859ஆம் ஆண்டு வெளிவந்த தமது புத்தகத்தில் எழுதினார்.

மீனுக்கோ தண்ணீர் மட்டும்தான் பாதை. மஸ்கெலியா பக்கத்துத் தண்ணீர் களனி கங்கையாகிக் கொழும்புப் பக்கம் கடலில் விழுகிறது. தலவாக்கலைத் தண்ணீர் மகாவலியில் சேர்ந்து திருகோணமலைப் பக்கம் போகிறது. நமக்கு மஸ்கெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் ஒரு மீன் மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியாது. இதனால்தான் மகாவலியில் உள்ள சில மீன் இனங்கள் களனியில் இல்லை. களனியில் உள்ள சில மகாவலியில் இல்லை.

விலாங்கு இன்னொரு விதம். அது பிறப்பது கடலில். குட்டியாக இருக்கும்போது ஆற்றில் ஏறி வந்து, இங்கே வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகிறது. நடுவில் உயரமான அணை ஒன்று நின்றால் அதன் பாதை அடைபட்டது. மேலே இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

ட்ரவுட் மீன் சொல்லும் கதை

இரண்டு கேள்விகளையும் சேர்த்து விளங்கிக்கொள்ள ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவோம். அது கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் அங்கிருந்து தண்ணீர் போகிறது. தண்ணீர் தெளிவானது, குளிரானது. ஆனால் அங்கே நாட்டு மீன் கிடையாது. நீர்வீழ்ச்சிகளைத் தாண்டி மீன் ஏற முடியாது. கீழ்நாட்டு மீனுக்கு அந்தக் குளிரும் ஒத்துவராது.

1880ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டு விளையாடுவதற்காக நுவரெலியாப் பக்கம் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்தார்கள். அது குளிர் நாட்டு மீன். கொழும்புப் பக்கத்துச் சூட்டில் வாழாது. ஆனால் மேல்மலைத் தண்ணீர் அதற்கு ஒத்துப்போனது. இடம் ஏற்கெனவே இருந்தது, வழிதான் இருக்கவில்லை. அந்த வழியை மனிதன் கப்பலில் கொண்டுவந்து கொடுத்தான்.

இதில் நட்டப்பட்டவர்கள் யார்? மீன் இல்லாத ஓடையில் பயமில்லாமல் வாழ்ந்த சின்ன உயிர்கள். ஹோர்ட்டன் சமவெளியில் மட்டும் வாழும் ஒரு சின்ன இறால் இனம் உண்டு. தவளைகளும் அவற்றின் தலைப்பிரட்டைகளும் உண்டு. ட்ரவுட்டுக்கு அவை இரை. வழி இல்லாமல் இருப்பதும் சில நேரம் ஒரு வேலி மாதிரி என்பதை இதிலிருந்து படிக்கிறோம்.

1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவந்த திலாப்பியாவும் இப்படி வந்ததுதான். குளங்களில் அது ஏழைகளுக்கு நல்ல கறியாகிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் “நம்ம ஓடையிலயும் விட்டுப் பார்ப்போமே” என்று வாளியில் கொண்டுபோய் ஊற்றுவது வேறு விடயம். ஒருமுறை விட்டால் திருப்பிப் பிடித்து முடிக்க முடியாது.

இனி, நண்டுக்கு வருவோம்

கடல் நண்டு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். அவற்றின் குஞ்சுகள் அலையோடு மிதந்து தூர இடங்களுக்குப் போகும். நம்ம ஓடை நண்டு அப்படி இல்லை. கொஞ்ச முட்டைகளைத் தாய் தன் வயிற்று மடிப்பில் வைத்துச் சுமக்கும். முட்டை பொரிக்கும்போதே சின்ன நண்டாகத்தான் வெளியே வரும். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் தாயின் மடியில் இருந்துதான் இறங்கிப் போகும். மிதந்து போகிற பருவமே அதற்கு இல்லை. பறக்க முடியாது. வறண்ட மலையைத் தாண்டவும் முடியாது. ஈரமான நேரத்தில் கொஞ்சத் தூரம் நடக்கும், அவ்வளவுதான்.

இதனால் ஒரு மலைத் தொடரில் உள்ள நண்டும் இன்னொரு மலைத் தொடரில் உள்ள நண்டும் நெடுங்காலமாகச் சந்திக்காமல் வாழ்ந்து, வேறு வேறு இனங்களாகப் பிரிந்து போயிருக்கின்றன. இலங்கையில் சுமார் 50 நன்னீர் நண்டு இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே உலகத்தில் வேறு எங்கும் இல்லாதவை. சில இனங்கள் மலைநாட்டின் ஒரு சின்னப் பகுதியில் மட்டும்தான் வாழ்கின்றன. நம்ம பிள்ளைகள் குச்சியால் குத்தி விளையாடுகிற நண்டு அப்படிப்பட்ட ஒன்றாகவும் இருக்கலாம்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். மருந்து கழுவுப்பட்டுப் போனதும் ஓடை மறுபடி வாழக்கூடிய இடம் ஆனது. பூச்சிகள் பக்கத்து ஓடைகளிலிருந்து பறந்து வந்தன. தவளைகள் கரை வழியாகத் தாவி வந்து முட்டை இட்டன. மீன் கீழ் ஆற்றிலிருந்து நீந்தி ஏறியது. நண்டுக்கு மட்டும் காம்பரா இருந்தது, பாதை இல்லை. மருந்து ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்திலேயே கலந்ததால், மேலேயிருந்து இறங்கி வரவும் நண்டு மிச்சம் இருக்கவில்லை.

ஆனாலும் கதை அதோடு முடியவில்லை. அந்த ஓடையில் பாதித் தூரத்தில் ஒரு சின்னக் கிளை ஓடை வந்து விழுகிறது. இரண்டு பக்கமும் மரம் நிற்பதால் அந்தப் பக்கம் மருந்தடிப்பதில்லை. அதில் நண்டுகள் தப்பியிருந்தன. இரண்டு மழைக்காலம் போன பிறகு, இரண்டு ஓடையும் சேருகிற இடத்தில் பெருவிரல் நகம் அளவுக்கு நாலைந்து நண்டுகளைக் கண்டோம். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். அது பேசாமல் குந்தியிருந்து பார்த்துவிட்டு, எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தது. நாங்கள் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகி வரும் வரை மேல் ஓடைக்கு நண்டு வரவில்லை.

அந்தக் கிளை ஓடையும் இல்லாதிருந்தால்? அந்தச் சின்ன நண்டுகளையும் கண்டிருக்க மாட்டோம்.

நாம் செய்யக்கூடியவை

1. மருந்து டாங்கியையும், மருந்தடித்த உடுப்பையும் ஓடையிலோ பீலியிலோ கழுவக் கூடாது. ஓடைக்குத் தூரமாக, மருந்தடித்த மலையிலேயே ஓர் இடத்தைக் குறித்து, பீப்பாயில் தண்ணீர் வைத்துத் தரும்படி தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். இது சலுகை அல்ல, தேவை. மேலே சொன்ன தோட்டத்தில் தலைவர்மாரும் நாங்களும் சேர்ந்து பேசிய பிறகு அப்படி ஓர் இடம் கிடைத்தது. தனியாக ஒரு தம்பியை ஏசுவதால் ஓடை காப்பாற்றப்படாது.

2. கிளை ஓடை சின்னதாக இருக்கிறதே என்று குப்பை கொட்ட வேண்டாம். அதன் ஓரத்து மரங்களை விறகுக்கு வெட்ட வேண்டாம். பெரிய ஓடைக்கு ஆபத்து வந்தால் மறுபடி உயிர் வருவது அங்கிருந்துதான்.

3. திலாப்பியா, கப்பி, கண்ணாடித் தொட்டி மீன் எதையும் ஓடையில் விட வேண்டாம். ஓர் ஓடையின் நண்டைப் பிடித்து வேறு மலை ஓடையில் விடவும் வேண்டாம்.

4. வயிற்றில் முட்டையோ குஞ்சோ சுமக்கும் தாய் நண்டைப் பிடிக்க வேண்டாம். ஒரு தாயோடு ஒரு பரம்பரையே போய்விடும்.

5. நண்டோ மீனோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால் அந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம், செத்ததைச் சாப்பிடவும் வேண்டாம். உடனே நலன்புரி உத்தியோகத்தருக்கோ சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள். மருந்து கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் மருந்து போகாது.

6. ஓடையில் பூச்சியும் நண்டும் நிறைய இருந்தால் நல்ல அடையாளம்தான். அதற்காக அப்படியே குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வயிற்றோட்டம் உண்டாக்கும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. குடிக்கிற தண்ணீரை எப்போதும் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

பெரியவர் ஒருவரோடு, மழை இல்லாத நாளில் ஓடைக்குப் போங்கள். வேகமாக ஓடும் இடத்தில் ஐந்து கல், தேங்கும் இடத்தில் ஐந்து கல் எடுத்துப் பாருங்கள். கண்டவற்றைக் கொப்பியில் படமாக வரையுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள்: இந்த இடம் இதற்கு ஏன் ஒத்துப்போகிறது? இது இங்கே எப்படி வந்திருக்கும்? எடுத்த கல்லை எடுத்த மாதிரியே திருப்பி வைக்க மறக்க வேண்டாம். அது யாருக்கோ ஒரு கூரை.

மருந்து இன்றைக்குக் கலந்து நாளைக்குப் போய்விடலாம். பறக்கிறது பறந்து வரும், நீந்துகிறது நீந்தி வரும். நடந்து மட்டுமே வரக்கூடிய ஒன்றுக்கு, புறப்பட்டு வர ஒரு இடமாவது பக்கத்தில் மிச்சம் இருக்க வேண்டும். அந்த இடத்தை அழியாமல் வைத்திருப்பது நம் எல்லோருடைய பொறுப்பு.

அடுத்த இதழில் சந்திப்போம்.